பெரட்டில் வாங்கிய சம்மதம்

பத்தொன்பது நிமிடத்தில் இருபத்துநான்கு கையொப்பம் வாங்கியவன் நான். இதைச் சொன்னதும், போன மாதம் ராகலைக்கு என்னைத் தேடி வந்த மூன்று இளம் ஆய்வாளர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மரக்கறித் தோட்டங்களில் மருந்தடிப்பவர்களைப் பற்றி ஆய்வு செய்கிறார்களாம். ஒருவரிடம் சம்மதம் வாங்கவே முக்கால் மணி நேரம் போய்விடுகிறதாம். சுருக்கமான வழி ஏதும் உண்டா என்று கேட்டார்கள். உண்டு, ஆனால் அதன் முடிவையும் சேர்த்துத்தான் தருவேன், எழுதித் தருகிறேன் என்றேன். தங்கள் பயிற்சிக் கையேட்டில் நான்கு பக்கம் ஒதுக்குவதாகச் சொன்னார்கள். நான்கு பக்கத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற கவலையில் இதை மூன்றாவது முறையாக எழுதுகிறேன்.

நான் இலங்கை மலையகத்தில் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, உயர்தரம் வரை படித்து, ஓர் ஆய்வுப் பிரிவில் கள உதவியாளராகச் சேர்ந்தவன். முப்பத்தொரு வருட வேலை. முதல் மூன்று வருடங்களில் கற்றுக்கொண்டதை மூன்று வரியில் சொல்லிவிடலாம். லேபல் எழுதாமல் போத்தலைத் திறக்கக் கூடாது. ஐஸ் உருகும் நேரத்தையும் பஸ் வரும் நேரத்தையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். மழை நாளில் பென்சிலால் எழுத வேண்டும். மற்றதெல்லாம் பிறகு, மற்றவர்கள் செலவில் கற்றுக்கொண்டது.

என் மேலதிகாரி ஒரு சிங்களப் பெண்மணி. டாக்டர். நாங்கள் மேடம் என்போம். ஆஸ்பத்திரி வார்ட்டில் நோயாளிகளிடம் கற்ற தமிழ் அவருடையது. வினைச்சொல் கொஞ்சம் தடுமாறும், கேள்வி மட்டும் தடுமாறாது. எப்போதும் இரண்டு பேனை வைத்திருப்பார். கண்ணால் கண்டதை நீலத்தில் எழுத வேண்டும், நாமாக நினைத்ததைச் சிவப்பில். நாங்கள் கொண்டுபோகும் ஒவ்வொரு தாளையும் வாசித்து, நீலத்தில் எழுதிய சில வரிகளைச் சிவப்பில் அடிக்கோடிட்டுத் திருப்பித் தருவார். திட்ட மாட்டார். அந்தக் கோட்டுக்கு, இது கண்டதில்லை, நினைத்தது என்று அர்த்தம்.

அவர் எடுத்துக்கொண்ட வேலை இதுதான். தேயிலைத் தோட்டத்தில் களைப் புல்லைக் கொல்ல மருந்தடிக்கிறவர்களின் உடம்பில் ஒரு நாளில் எவ்வளவு மருந்து படுகிறது என்று அளக்க வேண்டும். “மருந்து படுது, டேங்க் ஒழுகுது” என்று ஆட்கள் சொல்கிறார்கள். “எங்கே ஆதாரம்” என்று மேலே கேட்கிறார்கள். அந்த ஆதாரத்தைச் சேர்ப்பதற்காகத் திம்புள்ளப் பகுதியில் ஒரு தோட்டத்தைத் தெரிந்தெடுத்தோம். பெயர் வேண்டாம். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு பக்க அறையைக் கொடுத்தார்கள்.

அளக்கும் முறையை விவரமாகச் சொல்ல வேண்டும். உள்ளங்கை அளவில் வெட்டிய பருத்தித் துணிப் பட்டைகள், பின்பக்கம் ஈயத்தாள். ஓர் ஆளுக்குப் பத்து: நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று, தோள், முன்கை, தொடை, முழங்காலுக்குக் கீழே என்று இடத்துக்கு இரண்டிரண்டு. ஒவ்வொன்றையும் நான்கு மூலையிலும் ஊசி குத்தி உடுப்பில் பொருத்துவோம். நாற்பது ஊசி போனால் நாற்பது ஊசி திரும்பி வர வேண்டும். முப்பத்தொன்பது வந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. வேலை முடிந்ததும் பட்டைகளை இடுக்கியால் கழற்றி, தனித்தனியாகச் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து, வேனில் நானுஓயாவுக்கு அனுப்பி, அங்கிருந்து ரயிலில் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம்.

இதோடு ஒரு பார்வைத்தாள். மருந்தடிப்பவருக்குப் பத்தடி தள்ளி நின்று, முகத்தைக் கையால் துடைத்தது எத்தனை தரம், அடைத்துக்கொண்ட குழாய் முனையை வாயால் ஊதியது எத்தனை தரம், முதுகில் சுமக்கும் டேங்க் ஒழுகுகிறதா, முதுகில் மறைப்பு கட்டியிருக்கிறாரா என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். இந்த வேலைக்கு மேடம் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று. பார்க்கிறவருக்கு வாய் கிடையாது. “துடைக்காதீங்க” என்று நாம் ஒரு தரம் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நாம் அளப்பது சொல்லப்பட்ட ஓர் ஆளை. சொல்ல யாருமில்லாத மற்றவர்களுக்கு அந்தக் கணக்கால் பயனில்லை. நியாயமான விதி. நான் முழுமனதோடு ஏற்றுக்கொண்டேன்.

முதலில் சம்மதம். படிவத்தில் பதினொரு வரி. என்ன ஆய்வு, என்ன செய்வோம், என்ன செய்ய மாட்டோம் என்று எல்லாம் நல்ல தமிழில் இருந்தது; நான்தான் மொழிபெயர்த்தேன். அந்தத் தோட்டத்தில் மருந்தடிக்கும் ஆட்கள் இருபத்துநான்கு பேர். எல்லாரும் ஒரே இடத்தில் நிற்கும் நேரம் காலைப் பெரட்டு. தோட்டத்தில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு, இன்றைக்கு உனக்கு இன்ன மலையில் இன்ன வேலை என்று பிரித்துவிடுவார். அவரிடம் போனேன். அவர் மருந்தடிக்கிறவர்களை ஒரு பக்கமாக நிறுத்தி, “டாக்டரம்மா ஆளு வந்திருக்காரு, வாசிக்கிறதக் கேட்டுட்டு வரிசையா கையெழுத்து வச்சிட்டுப் போங்க” என்றார். நான் பதினொரு வரியையும் உரக்க வாசித்தேன். வரிசை நகர்ந்தது. பத்தொன்பது நிமிடம்.

படிவங்களை மேடத்தின் மேசையில் அடுக்கி வைத்தபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவர் இருபத்துநான்கையும் புரட்டிப் பார்த்தார்.

“ஒருத்தர் கூட வேணாம் சொல்லல்லையா?”

இல்லை என்றேன்.

“எங்க வச்சு எடுத்தீங்க?”

சொன்னேன். சிவப்புப் பேனையைத் திறந்தார். “மிஸ்டர் சவரி, பெரட்டுல நீங்க ஒருத்தருக்கு ஒரு வேலை சொன்னா, அவர் வேணாம் சொல்லுவாரா?”

என் அப்பா முப்பத்தாறு வருடம் பெரட்டில் நின்றவர். அவர் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. மேடம் மேலிருந்த தாளில் சிவப்பில் ஒரே ஒரு சொல் எழுதினார்: வரவு. இது சம்மதமில்லை, வந்தவர்களின் பதிவு என்று அர்த்தம். மறுபடியும், ஒவ்வொருவராக, அவரவர் வீட்டில், கணக்கப்பிள்ளை இல்லாமல் கேட்டு வரச் சொன்னார். கணக்குச் சரியாக வரக் குறைந்தது பதினாறு பேர் வேண்டும் என்பதையும் சொன்னார்.

மருந்தடிப்பு மத்தியானத்தோடு முடிந்துவிடும். மூன்று மணிக்குமேல் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாக ஏறினேன். இரண்டாவது வீட்டிலேயே அடி விழுந்தது. வயதான மனிதர், வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார். காலையில் கையெழுத்து வைத்தீர்களே என்றேன்.

“அது பெரட்டுல வச்சதுங்க” என்றார். “இது வூடு.”

மூன்று நாளில் இருபது வீடு முடித்தேன். பதின்மூன்று பேர் சரி, ஏழு பேர் இல்லை. மீதி நாலு பேர். பதினாறு வேண்டுமென்றால் நாலில் மூன்று கிடைத்தாக வேண்டும். இந்தக் கணக்கு மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இருபத்தோராவது வீட்டுக்குப் போனேன்.

மருதை அண்ணன் வீடு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வாயாடி. நான் பதினொரு வரியையும் வாசித்து முடிக்கும்வரை தலையாட்டிக்கொண்டிருந்துவிட்டு, “சேரு நல்லா நூஸ் வாசிக்கிறீங்க, ரேடியோவுல சேந்திருக்கலாம்” என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்தார். பிறகு அண்ணன் சிரிப்பில்லாமல் கேட்டார். அவர் சுமக்கிற டேங்க் முதுகுப் பக்கம் ஒழுகுகிறது. ஸ்டோரில் இரண்டு தரம் சொல்லியாயிற்று, தோட்டத்து அதிகாரி கண்டாக்கையாவிடம் ஒரு தரம். ஒன்றும் நடக்கவில்லை. “இந்தத் துணியெல்லாம் கழட்டி, எழுதி, மேல அனுப்புவீங்கல்ல? அனுப்பினா நல்ல டேங்க் வருமாங்க?”

படிவத்தில் அதற்குப் பதில் இருந்தது. ஆறாவது வரி: இந்த ஆய்வினால் உங்களுக்கு நேரடியான நன்மை எதுவும் இல்லை. ஒரு நிமிடத்துக்கு முன்புதான் வாசித்திருந்தேன். மறுபடி வாசித்தால் எட்டாவது மறுப்பு விழுமோ என்று எனக்குப் பயம்.

“வரும் அண்ணே” என்றேன்.

கையெழுத்து வைத்தார். பிந்திய மூன்று பேரும் சரி சொன்னார்கள். ஆகப் பதினேழு. மருதை அண்ணன் இல்லாமலே பதினாறு வந்திருக்கும். அந்த ஒரு சொல் எனக்குத் தேவையே பட்டிருக்கவில்லை.

அளப்பதற்கு முன் ஒரு நாள் ஒத்திகை வைத்தோம். பட்டை இல்லாமல், பார்வைத்தாள் மட்டும். ஒழுகும் டேங்க் சுமப்பவர்கள் காலியான உர பேக்கை விரித்து முதுகில் கட்டி, அதற்குமேல் டேங்கைப் போட்டுக்கொள்வது வழக்கம். அன்று பதினேழு பேரில் பதினைந்து பேர் முதுகில் பேக் இருந்தது. மருதை அண்ணன் முதுகிலும் இருந்தது. நீலத்தில் எழுதியிருக்கிறேன்.

அவருடைய அளவு நாள் ஆறாவது நாள். மேல்மலை, சரிவு, முகில் இறங்கியிருந்தது. முதுகுப் பட்டையை நான் நேராக அவர் சட்டையில் குத்தினேன். பேக் இல்லை. ‘மறைப்பு: இல்லை’ என்று குறித்தேன். இதைக் கேட்கக் கூடாது, எழுத வேண்டும், அவ்வளவுதானே விதி. பத்தாவது நிமிடத்தில் முதுகுப் பட்டையின் கீழ் விளிம்பு நிறம் மாறியது. ‘ஒழுகல்: ஆம்.’ இருபதாவது நிமிடத்தில் சட்டை இடுப்பு வரை நனைந்திருந்தது. முகத்தைத் துடைத்தது ஒன்பது தரம், முனையை ஊதியது நாலு தரம். எல்லாவற்றையும் பிழையில்லாமல் எழுதிக்கொண்டிருந்தேன்.  மூன்றாவது டேங்க் நிரப்பக் குனிந்தபோது முதுகிலிருந்து கால்சட்டைக்குள் வடிவது தெரிந்தது. அப்போதுதான் வாய் திறந்தது.

“அண்ணே, பேக் எங்க?”

“வூட்டுல இருக்குங்க.”

“ஏன் கட்டல?”

திரும்பிப் பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்பது போன்ற பார்வை. “பேக்க கட்டுனா துணி நனையாதுங்களே. நனையாட்டி டேங்க் நல்ல டேங்க்னுதான எழுதுவாங்க? நல்லா நனையட்டும், நீங்க எழுதுங்க.”

போதும், நிறுத்துங்கள், கழுவ வேண்டும் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னும் பாதி மலை இருக்கு. பாதியில நிறுத்துனா பாதி டேங்குதான் வரும்” என்றார். கிண்டலா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டேங்கை நானே இறக்கினேன். தண்ணீர்ப் பீலிக்குக் கூட்டிப்போய் சவர்க்காரம் போட்டு முதுகை இரண்டு தரம் கழுவினேன். பட்டை வைத்த இடம் சிவந்து கிடந்தது.

டிஸ்பென்சரிக்கு வந்து மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்தோராவது வீட்டில் சொன்ன அந்த ஒரு சொல்லையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. சொன்னது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முப்பத்தொரு வருடத்தில் நான் செய்த மிகச் சரியான காரியம் அது என்றுகூட எழுதுவேன்.

அவர் முதலில் மருதை அண்ணனின் முதுகைப் பார்த்தார், மருந்து போட்டார், தினமும் வரச் சொல்லி அனுப்பினார். பிறகு என் பார்வைத்தாளை எடுத்தார்.

“ஒழுகுது, எத்தனாவது நிமிஷம் கண்டீங்க?”

“பத்து.”

“எத்தனாவது நிமிஷம் பேசினீங்க?”

“ஐம்பத்திரண்டு.”

நீலப் பேனையால் தாளின் ஓரத்தில் எழுதினார்: நாற்பத்திரண்டு நிமிடம். கண்ணால் கண்டதை நீலத்தில்தானே எழுத வேண்டும்.  விதிப்படிதான் நின்றேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

“உங்கட மட்டும் பிழை இல்ல” என்றார் அவர். “அந்த விதி நான் போட்டது. மலையில நான் நிக்கல்ல.” அதே தாளிலேயே விதியைத் திருத்தினார். மருந்து தோலில் படுவதைப் பார்த்தால், பார்க்கிறவர் உடனே நிறுத்த வேண்டும். அன்றைய கணக்குப் போனால் போகட்டும். “நாங்க வராட்டி அவர் பேக் கட்டுவார். நாங்க வந்தபடியா கட்டல்ல. அளக்க வந்து நாங்களே ஊத்தி இருக்கு.”

பத்துப் பட்டைகளையும் கணக்கில் சேர்க்க முடியாது என்றார். பேக் கட்டாதது அவருடைய வழக்கமில்லை. நம் பேச்சால் வந்தது. அதுவரை எடுத்ததிலேயே மிகவும் நனைந்த பட்டைகள் அவை. இதைப் போய் மருதை அண்ணனிடம் சொல்ல வேண்டியவன் நான் என்றார். கூடவே இன்னொன்றும் கேட்டு வரச் சொன்னார். டேங்க் ஒழுகுவதை மேடம் நேரே தொரையிடம், அதாவது தோட்ட மேனேஜரிடம், சொல்லலாமா? சொன்னால் பெயரோடா, பெயரில்லாமலா? எதைச் சொன்னாலும் வற்புறுத்தாமல் எழுதி வர வேண்டும்.

அன்று மாலை அவர் இஸ்தோப்பில் கவிழ்ந்து படுத்திருந்தார். கணக்கில் வராது என்றதும் தலையை மட்டும் தூக்கினார்.

“அப்ப நான் நனைஞ்சது?”

நான்தான் பிழையாகச் சொன்னேன், வரும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை என்றேன். அவர் மனைவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார்.   பிறகு தொரையிடம் சொல்வதைப் பற்றிக் கேட்டேன். மருதை அண்ணன் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். “சொல்லுங்க. பேரோட சொல்லுங்க. பேரில்லாம சொன்னா யாரு டேங்குன்னு தேடுறதுலயே மாசம் போயிரும்” என்றார்.

மேடம் மறுநாளே தொரையிடம் போனார். போகுமுன் என்னிடம் ஒன்று சொன்னார்: டேங்குகளை மாற்றினால் இந்தத் தோட்டத்தில் இதுவரை எடுத்த ஆறு நாள் கணக்கும் வீண், ஆய்வு முதலிலிருந்து தொடங்க வேண்டும், அல்லது இந்தத் தோட்டத்தை விட வேண்டும். தெரிந்தேதான் போனார். ஸ்டோரிலிருந்த இருபத்துநான்கு டேங்கையும் வெளியே எடுத்து, தண்ணீர் ஊற்றி, வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். இருபது ஒழுகின. பதினாறுக்கு வாஷர் மாற்றினார்கள், நாலை ஒதுக்கிவிட்டுப் புதிது கொண்டுவந்தார்கள். எட்டு நாளில் எல்லாம் முடிந்தது. நாங்கள் ஆறு நாள் நின்று எடுத்த அளவுகள் எந்த அட்டவணையிலும் இல்லை.

மருதை அண்ணனின் முதுகில் தோல் உரிந்து ஆற இரண்டு வாரம் ஆனது. தழும்பு விழவில்லை. நானே பார்த்தேன், நீலம்.

ஒரு மாதம் கழித்து ஒழுகாத டேங்குகளோடு முதலிலிருந்து தொடங்க மேடம் முடிவு செய்தார். பழைய சம்மதம் செல்லாது, மறுபடி வீடு வீடாகப் போக வேண்டும். இந்த முறை முதல் வீடாக மருதை அண்ணன் வீட்டுக்குத்தான் போனேன். லீக்ஸ் பாத்தியில் நின்றுகொண்டிருந்தார். கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பதினொரு வரியையும் வாசித்தேன். ஆறாவது வரியை வாசித்து நிறுத்தி, புத்தகத் தமிழை விட்டு, எங்கள் பேச்சிலேயே மறுபடி சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“வேணாங்க” என்றார்.

சரி அண்ணே என்று படிவத்தை மடித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன்னு கேக்க மாட்டீங்களா?”

“கேக்கக் கூடாதுண்ணே. வேணாம்னா வேணாம்தான், காரணம் சொல்லத் தேவல்ல.”

“அட” என்றார். சிரித்தார். “நல்லாருக்கே. இத மொதத் தரமே சொல்லியிருக்கலாமே சேரு.”

வாசித்தேனே, பத்தாவது வரி, பெரட்டிலும் வாசித்தேன், இங்கே வீட்டிலும் வாசித்தேன் என்றேன்.

“வாசிச்சீங்க” என்றார் மருதை அண்ணன். “சொல்லலீங்க.”

அதற்குப் பிறகு இருபது வருடம் வேலை செய்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் பத்தாவது வரியைத்தான் முதலில் சொன்னேன், ஆய்வின் பெயரைச் சொல்வதற்கும் முன்னால். அதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். ஒருவர் பெயரையும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் அதற்குச் சம்மதம் தந்திருக்கவில்லை.